அலமாரிக்கு முக்காடு வேண்டாம்

ரேணுகா,

கண்ணாடிப் புத்தக அலமாரியின்மேல் நீ போர்த்திய போர்வையை மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறேன். மறுபடி போர்த்தாதே. “பொண்ணு பாக்க வர்றவங்க இந்த ராக்கெட்டு, டிராகனெல்லாம் பாத்தா இன்னாங்க நெனப்பாங்க?” என்று நேற்று அழுதாய். நினைக்கட்டும். முப்பத்தைந்து வருடம் டாங்கித் தொழிற்சாலையில் தலைநிமிர்ந்து நடந்தவன் நான். என் வீட்டுப் புத்தகத்துக்கு முக்காடு போட மாட்டேன்.

என் புத்தகங்களைப் பற்றிச் சொன்னபோது மாப்பிள்ளையின் அப்பா போனில், “நமக்கு பேப்பர் தாண்டி ஒண்ணும் தெரியாது சார், இதுல எத்த மொதல்ல படிக்கணும்?” என்று கேட்டதைக் கிண்டல் என்கிறாய். இருக்கலாம். ஆனால், கேட்டவரைப் பதில் சொல்லாமல் அனுப்பினால்தான் நமக்கு அவமானம்.

ஏழு பாக டிராகன் கதையை அவர் கையில் கொடுத்துவிடாதே. ராஜாக்களின் பெயரிலேயே மிரண்டுவிடுவார். அவருக்குக் கொடுத்தனுப்ப நீல அட்டைச் சிறுகதைத் தொகுப்பை மேலே வைத்திருக்கிறேன். செவ்வாயில் குழாய் ரிப்பேர் செய்கிறவனின் கதை அதில் இருக்கிறது. அவரும் குழாய்க் கடைக்காரர்தானே, பிடித்துப்போகும்.

பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவித் தண்ணீரில் போட்டிருக்கிறேன். பூ வாங்க ஆவடி மார்க்கெட் போகிறேன். மூன்று மணிக்குள் வந்துவிடுவேன்.

பி.கு.: இவற்றையெல்லாம் நிரஞ்சனாவும் படித்திருக்கிறாள். அலமாரி வேண்டாம் என்பவர்களுக்கு நம் பெண்ணும் வேண்டாம்.

இன்னொன்று: கிளம்பும்போது, “வீட்டுக்குப் போய் சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். தேவையில்லை. வேண்டாம் என்றால், அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மாப்பிள்ளையின் அப்பாவே வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.