எலி நின்ற கிண்ணம்

அன்புத் தம்பிக்கு,

நேற்று டாக்டர் என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இனி குழந்தையப் பக்கத்துலயே படுக்க வெச்சுக்கலாம்மா" என்றார்.

மாதக்கணக்கில் இருமினேன். சளியை இரண்டு தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. மோப்பத்தால் அந்த நோயைக் கண்டுபிடிக்க எலிகளைப் பழக்கும் உன் கூடத்துக்கு மீதிச் சளி வந்ததும், உன் எலி என் சளி இருந்த கிண்ணத்தைத் தாண்டாமல் நின்று பிறாண்டியதாமே! "அக்கா, நம்ம குண்டன் நின்னுட்டான்" என்று போனில் சொன்னாய்.

"எலி சொல்லுச்சுன்னு மருந்து குடுக்க முடியாதும்மா" என்று டாக்டர் புது மெஷினில் மறுபடி சோதித்தார். குண்டன்தான் ஜெயித்தான். அன்றே மருந்து ஆரம்பித்தார்கள்.

வாழைப்பழத் துண்டுக்காக அவன் செய்த வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அவனை மடியில் வைத்துப் பழக்கிய உன் பொறுமையை நினைத்தால் இன்னும் மலைப்பு. எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள் நான். குண்டனை மட்டும் கையில் எடுத்துக் கொஞ்சுவேன்.

என்ன நோயென்றே தெரியாத நாட்களில், தள்ளி உட்கார்ந்தபடி உன் அத்தானுக்கு மகளின் தலையைப் பின்னச் சொல்லிக்கொடுத்தேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. நான் போய்விட்டால் என்று நானும் சொல்லவில்லை.

இன்று காலை நானே பின்ன உட்கார்ந்தேன். "விடும்மா, நீ இறுக்கி இழுக்குற. அப்பாவே பின்னட்டும்" என்று சிணுங்கினாள். அவரும் கையை நீட்டினார்.

சீப்பை நான் கொடுக்கவில்லை.

உன் அக்கா