போர்வைக்குள் பார்த்த நீலப் பொறி

அருமை மகன் அப்சலுக்கு, அம்மியின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலுக்கும் ஏசிக்கும் நடுவில் நீயும் மருமகள் மெஹ்விஷும் சளி பிடிக்காமல் இருக்க தினமும் துஆ கேட்கிறேன். போனில் பேசினால் "சரி அம்மி, சரி அம்மி" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். என் தங்கை மகன் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். இங்கே இந்த வருஷம் மழை ஜாஸ்தி. கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறும் முன்பே லாட்ஜெல்லாம் நிறைந்துவிட்டது, கறி வாங்க பஜாருக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த வலது கண் ஆறிவருகிறது, ஆனால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. இனிமேல் ஒர்க்‌ஷாப்பை மூடிவிடுங்கள் என்று நீ சொன்னபோது அவரும் தலையாட்டினார். நானும் நல்லதுதான் என்று இருந்தேன். அதற்குள் இந்த மோட்டார் வந்தது பேட்டா, அந்தக் கதையை நீ முழுசாகக் கேட்க வேண்டும்.

தண்டராம்பட்டு பக்கம் அணையில் மீன் பிடிக்கிற சக்திவேல் என்று ஒரு பிள்ளை, முன்பு அவன் மொபெட்டை நம்மிடம்தான் விடுவான். அவன் ஒரு லோடு ஆட்டோவில் படகு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினான். படகின் பின்னால் மாட்டுகிற மாதிரி, மேலே எஞ்சின், கீழே நீளமான கால், கால் நுனியில் விசிறி, புதுச்சேரியில் யாரிடமோ பழசாக வாங்கியதாம். அவன் பெண்டாட்டி கஸ்தூரி தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடித்துத் தாய் வீடு போயிருக்கிறாள், அந்த வீடு அணைக்கு அக்கரையில். மழையில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, இப்போது படகை விட்டால் வழியில்லை. படகோ கரையில் நன்றாகக் கிளம்புகிறது, நடுத்தண்ணிக்குப் போனதும் நின்றுவிடுகிறது. "வலி வந்து அவள ஏத்திக்கினு வரும்போது நடுவுல நின்னுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன் பாய்" என்று கேட்டுவிட்டு அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். உன் அப்பா இந்த ஜாதி மோட்டாரை ஜென்மத்தில் தொட்டதில்லை. ஆனாலும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெச்சுட்டுப் போ என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை.

மறுநாள் பொறி விடுகிற பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, ஈரமா காய்ஞ்சிருக்கா பார் என்றார். பெட்ரோலில் நனைந்து கருப்பாக இருந்தது என்றேன். அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, அதைக் கொளுத்துகிற பொறிதான் சரியில்லை என்றார். புது பிளக் போட்டும் அதே கதை. பிறகு பெட்ரோல் டேங்கைத் தெருப் பக்கம் தூக்கி வைத்து, எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஓட்டையில் பழைய பிளக்கைத் திருகி அடைத்தார். புது பிளக்கை ஒயரில் மாட்டி எஞ்சின் மேல் சாய்த்து வைத்தார். கயிற்றை இழுத்தால் அதன் நுனியில் பொறி வரவேண்டும், அது என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். அவருக்குக் கறுப்புக் கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் எனக்கும் தெரியவில்லை. அதனால் நம் பழைய கம்பளிப் போர்வையை மோட்டார் மேல் போட்டு, அதற்குள் நான் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், அவர் வெளியே நின்று கயிற்றை இழுத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பூக்கடை ராஜம்மாள் எட்டிப் பார்த்து, "பாயம்மா ஆவி புடிக்கிறாங்களா, சளியா" என்று கேட்டாளாம். உன் அப்பா ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். சாயந்திரம் அவள் துளசி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

போர்வைக்குள் இருட்டில் ஒரு சின்னப் பொறி தெரிந்தது, எறும்பு அளவுகூட இல்லை, சிவப்பாக, பலமில்லாமல். உள்ளிருந்தே சிவப்பு என்று கத்தினேன். நீலமாக இருக்க வேண்டும், டப் என்று சத்தம் வர வேண்டும் என்றார். பேட்ரி இறங்கியிருக்கும் என்று நான் பெரிய மெக்கானிக் மாதிரி சொன்னேன். "இதுல பேட்ரியே இல்ல, முன்னி" என்றார். பிறகு தீ எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மேலே சுற்றுகிற சக்கரத்தில் காந்தம் இருக்கிறது, அது சுற்றும்போது பக்கத்தில் செம்புக் கம்பிச் சுருளில் கரண்ட் பிறக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லையாம். இத்தனை வருஷம் இந்த மனிதரின் எண்ணெய்ச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன், அவர் தினமும் எதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்க நான் விடவில்லை. எஞ்சினை அணைக்கிற சுவிட்ச் ஒயரைக் கழற்றிப் பார்த்தோம், சிவப்பு. சக்கரத்தைத் தூக்கி உள்ளே கரண்டை வெட்டி வெட்டி விடுகிற பாயிண்டைச் சுத்தம் செய்தோம், சிவப்பு. அதன் பக்கத்தில் இருந்த கண்டென்சர் என்கிற சின்ன டப்பாவை மாற்றினோம், அப்போதும் சிவப்புதான். இதற்குள் சக்திவேலிடமிருந்து போன், கஸ்தூரிக்கு வயிறு இறங்கிவிட்டதாம், எந்த நேரமும் வலி வரலாமாம். உன் அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், கண்ணு தெரியாதவன் இதைத் தொட்டிருக்கக்கூடாது என்றார். நான் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே, எவ்வளவு ஆசையாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறான் பாருங்கள், இந்தக் காயிலைக் கழற்றி அதன் அடியில்கூட அடித்திருக்கிறான் என்றேன். அவர் சட்டென்று நிமிர்ந்து, அடியிலயா என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு எல்லாரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள், சக்திவேல் பக்தியில் ஒரு படி மேலே போய் ஒவ்வொன்றாகக் கழற்றி பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறான். காயில் என்பது பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சுருள், அதன் கால் எஞ்சின் இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் சுற்றி வரும், நடுவில் பெயிண்ட் உட்கார்ந்திருந்தது. அப்பா விரலால் தடவித் தடவிப் பிளேடால் சுரண்டி, இரும்பு பளபளப்பாகத் தெரிகிறதா என்று என்னிடம் கேட்டு, மறுபடி முடுக்கினார். நான் போர்வைக்குள் போனேன். கயிற்றை இழுத்தார். நீலம், பேட்டா. டப் என்று ஒரு சத்தம். அப்படியொரு நீலத்தை நான் எந்தத் துணியிலும் எந்த வானத்திலும் பார்த்ததில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் வெளியிலிருந்து என்ன நிறம், என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் டிரம்மில் மோட்டாரின் காலை இறக்கி ஓட்டிப் பார்த்தோம், மலைசுற்ற வந்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூஜையால் கெட்டது என்று அந்தப் பிள்ளை மனசு நோகக்கூடாதே என்று எனக்கு ஒரே கவலை. அப்பா அவனிடம், "பூஜையில ஒரு தப்பும் இல்லப்பா, பொட்ட மேல் மூடியில வை, இந்தக் காயில் காலுக்கடியில மட்டும் பெயிண்ட் வேணாம்" என்று சொன்னார். மூடியைத் திரும்ப மாட்டும்போது சந்தனப் பொட்டு கலையாமல் ஓரமாகப் பிடித்துத்தான் மாட்டினார்.

போன புதன்கிழமை காலையில் கொட்டுகிற மழையில் சக்திவேலிடமிருந்து போன், வலி வந்து கஸ்தூரியைப் படகில் ஏற்றிவிட்டார்கள். உன் அப்பா அவனிடம், நீ பேசாதே, போனை மோட்டார் பக்கத்தில் வை என்றார். கடையில் நாங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டோம். நடுத்தண்ணி வந்தது என்று யாரோ கத்தியது கேட்டது. என் கை அவர் கையில் இருந்தது, யார் பிடித்தது என்று தெரியவில்லை. சத்தம் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, அவனே கரையில் நிறுத்தும் வரைக்கும் ஓடியது. பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். நான் போய்ப் பார்த்தேன், கையை இறுக்க மூடிக்கொண்டு தூங்குகிறது.

அதனால் கடையை மூடச் சொல்லி இனிமேல் அவரிடம் சொல்லாதே. சொல்வதாக இருந்தால் என்னிடம் சொல், பாதிக் கடை இப்போது என்னுடையது. மெஹ்விஷை இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த மனதையும் கொடுக்கட்டும். மறக்காதே, ஊருக்கு வரும்போது எனக்கு அத்தரும் வேண்டாம், புடவையும் வேண்டாம். பொறி பார்க்கிற ஸ்பார்க் டெஸ்டர் என்று ஒன்று இருக்கிறதாம், அதை வாங்கிக்கொண்டு வா. போர்வை ரொம்பக் குத்துகிறது.

இப்படிக்கு,
உன் அம்மி,
முன்னி பேகம்,
அன்வர் பாஷா ஒர்க்‌ஷாப், திருவண்ணாமலை.