முப்பத்தெட்டும் பச்சை

ஜன. 29, திங்கள்

காலையில் பனி. குவார்ட்டர்ஸ் தெருவில் எதிரே வருகிறவர் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறார். அப்பாவுக்கு முதல் ஷிப்ட். ஆலைச் சங்கு ஊதுமுன்பே சைக்கிளில் கிளம்பிவிட்டார். இந்தக் குளிரில் நான் தலைக்குக் குளித்தது தப்பு. பதினொரு தும்மல்.

செய்தவை: சார்ட் வேலை. உயிரியல் ரெக்கார்டில் இரண்டு படம். இரண்டாம் திருப்புதல் தேர்வு அட்டவணையைப் பீரோக் கதவில் ஒட்டியது. அடுத்த திங்கள் கணக்கு, செவ்வாய் வேதியியல். மேலே காலண்டரை மாட்டி மறைத்துவிட்டேன்.

சார்ட் பற்றி இதுவரை எழுதவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்ததும் வ.ஆ. (வகுப்பு ஆசிரியை, கணக்கும் அவரே எடுக்கிறார்) கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியது. முப்பத்தெட்டுப் பேர் பெயர், எதிரே தேதிக் கட்டங்கள். தினமும் காலையில் அவரவர் மனநிலைக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், முடியவில்லை என்றால் சிவப்பு. பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அழுத்தம் இருக்கும், மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. பொட்டு அட்டைகள் என் பொறுப்பு.

இரண்டாம் நாளே நித்யா சிவப்பு ஒட்டினாள். வ.ஆ. அக்கறையோடுதான் அவள் வீட்டுக்குப் போன் செய்தார். அவள் அப்பா வந்து வகுப்பு வாசலில் நின்று, "உனக்கு வீட்ல இன்னா கொற வெச்சோம், சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதன் பிறகு எல்லாமே பச்சை. பச்சை அட்டை மட்டும் மூன்று முறை புதிதாக வாங்கியாகிவிட்டது.

ரேவதி என் பெஞ்சு. அவள் அம்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் டிபன் கடை போட்டிருக்கிறார். கடையில் நின்றுவிட்டு வருவதால் ரேவதிக்குத் தினமும் பிரேயர் முடிந்துதான் வருகை. "எனுக்கும் ஒண்ணு ஒட்டிடுடி" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நானே பச்சை ஒட்டிவிடுவேன்.

இன்று மதியம் சாப்பிடும்போது அவளே சொன்னாள்: "கொஸ்டின் பேப்பர கைல வாங்கனதும் எழுத்தெல்லாம் எறும்பு மாரி ஓடுதுடி. ஊட்ல போட்ட அதே கணக்குதான். ஒண்ணும் தெர்ல." முதல் திருப்புதலில் கணக்கில் பத்தொன்பது வாங்கினாள். இந்தத் தடவையும் போனால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும்.

நூலகப் புத்தகத்திலிருந்து நான் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கொடுத்தேன்.

1. எழுந்ததும் கண்ணாடி பார்த்துப் புன்னகை.
2. 'என்னால் முடியும்', இருபது முறை.
3. எதிர்மறை எண்ணம் வந்தால் உடனே விரட்டுதல்.
4. மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்தல்.

பத்து வரை போகும். ரேவதி முழுதும் படித்துவிட்டு, "இத்த வேற படிக்கணுமா? இதுக்கும் டெஸ்ட்டு வெப்பியா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜன. 30, செவ்வாய்

பனி குறைவு. தும்மல் இல்லை, மூக்கடைப்பு.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

இன்று ரேவதி அதிசயமாகச் சீக்கிரம் வந்து கேட்டிலேயே என்னைப் பிடித்தாள். "மதி, இன்னிக்கு எனுக்கு செவப்பு ஒட்டு."

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"ஒட்டுன்னா ஒட்டேன். நீயே ஒட்டு. என் கையால ஒட்டப் பயமாக் கீது."

இன்று பார்த்துக் கல்வி அதிகாரி பள்ளிக்கு வருகிற நாள். சார்ட்டைக் காட்டப்போவதாக வ.ஆ. நேற்றே சொல்லியிருந்தார். அட்டையிலிருந்து சிவப்பை நகத்தால் உரித்துவிட்டேன். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. முப்பத்தேழு பச்சைக்கு நடுவில் அது ஒன்று. நித்யாவின் அப்பா நினைவு வந்தது. உன் நல்லதுக்குத்தான் என்று மனதில் ரேவதியிடம் சொல்லிக்கொண்டேன்.

பச்சையை ஒட்டினேன்.

அதிகாரி வந்தார். "முப்பத்தெட்டும் பச்சையா? பரவால்லையே" என்றார். வ.ஆ. முகம் மலர்ந்தது. எல்லோரும் கை தட்டினோம். ரேவதி சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தாள். மாலை மணி அடித்ததும் எனக்கு முன்னால் தனியாக நடந்து போய்விட்டாள்.

அவள் நல்லதுக்கா, சார்ட்டின் அழகுக்கா? நேர்மையாகப் பதில் எழுதச் சொன்னால் இரண்டாவது.

ஜன. 31, புதன்

ரேவதி வரவில்லை. பெஞ்சில் அவள் இடத்தில் என் பையை வைத்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

வாங்க வேண்டியவை: கிராப் ஷீட், நீல ரீபில் 2, அம்மாவுக்கு ஊக்கு.

பிப். 1, வியாழன்

இன்றும் வரவில்லை. வ.ஆ. அவள் வீட்டுக்குப் போன் செய்தார். வராந்தாவில் பேசியதால் முன் பெஞ்சு வரை கேட்டது.

ரேவதி படிக்கப் போவதில்லையாம். பொதுத் தேர்வும் எழுத மாட்டாளாம். திருமழிசையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் பெரியம்மா பெண் வேலை செய்கிறாள். இவளுக்கும் கேட்டிருக்கிறார்கள். பெண்களை ஏற்றிப்போக வேன் வரும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஏற வேண்டும்.

வ.ஆ. உள்ளே வந்து சார்ட்டைப் பார்த்தார். "செவ்வாக்கிழமை வரைக்கும் பச்சைதானே வெச்சிருக்கா. இங்க நல்லாத்தான் இருந்திருக்கா. வீட்டுப் பிரச்சினைபோல. நாம என்ன பண்ண முடியும்?"

அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. கணக்கு நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பிரித்தால் கிழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தயிர்சாதம் இரண்டு வாய். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பதினைந்து வருஷம் ஆவடியில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? பரீச்சைன்னா இப்படியா சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருப்பாவ?" என்றார்.

பரீச்சைதான் என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மை.

பிப். 2, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் வ.ஆ. மட்டும். பேப்பர் திருத்திக்கொண்டே டப்பாவில் லெமன் சாதம்.

"மேடம், ரேவதி செவ்வாக்கிழமை சிவப்பு ஒட்டச் சொன்னா. நான்தான் பச்சை ஒட்டினேன்."

ஸ்பூன் நின்றது. "எதுக்கு?"

"அதிகாரி வராங்கன்னு."

"நான் உன்கிட்ட அப்படிச் சொன்னேனா?"

"இல்ல மேடம்."

"முப்பத்தெட்டும் பச்சைன்னு அவர் ரிப்போர்ட்ல எழுதிட்டுப் போயிருக்கார். இப்ப வந்து சொல்ற. எத்தனை நாளா இப்படி?"

"அவளுக்கு முதல் நாள்ல இருந்து நான்தான் ஒட்டறேன் மேடம். எனக்கும் பொய்யாத்தான் ஒட்டறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "போ. பெல் அடிச்சிருச்சு" என்றார். பெல் அடிக்கவில்லை.

கடைசிப் பீரியடில் பார்த்தால் சார்ட் இல்லை. சுவரில் நான்கு மூலையிலும் டேப் மட்டும்.

கை இன்னும் சில்லென்று இருக்கிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இயற்பியல் படித்தேன்.

பிப். 3, சனி

காலை ஏழரை. அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ரயில் நிலையம் பக்கம் நல்ல கூட்டம். ஆட்டோக்காரர்கள் "பூந்தமல்லி, பூந்தமல்லி" என்று கத்துகிறார்கள். ரேவதியின் அம்மா பூரி போட, ரேவதி பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள்.

"ஒரு செட்டு பூரி, வடகறி தனியா."

"மூணு இட்லி, ஒரு பொங்கல், பொங்கலுக்கு சட்னி வாணாம்."

"இன்னா பாப்பா, ட்ரெய்ன் போயிடும், என்னுத எட்து குடு."

"ட்ரெய்ன நான் புட்ச்சி வெச்சிகினா கீறேன்? இருண்ணா, வர்து" என்றாள் ரேவதி. ஒரு பொட்டலம்கூட மாறவில்லை. எதையும் எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "வா கண்ணு, நாஸ்டா துன்றியா? இவ பள்ளிக்கூடமே வாணான்றா. நீயாச்சும் இன்னான்னு கேளு."

ரேவதி கை நிற்காமலே பேசினாள். "இன்னாத்துக்கு வந்த? பச்ச பொட்டு வெக்கவா?"

"மன்னிச்சுக்கோடி."

"வாய தொறந்து சொல்ல முடிஞ்சா நானே மேடம்கிட்ட போயிருப்பேன். உன்கிட்ட சொன்னா போதும்னு நெனச்சேன். நீ அத்தயும் பச்சையாக்கிட்ட."

நான் அங்கேயே நின்றேன். இதற்குப் பதில் என் பட்டியலில் இல்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும், யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். முதல் திருப்புதல் அன்று தேர்வுக்கு முன் பாத்ரூமில் வாந்தி எடுத்தேன். அரையாண்டிலும்தான். தேர்வு நாட்களில் காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, வெளியே வந்துவிடும் என்று.

ரேவதி கை அப்போதுதான் நின்றது. "நீயா? தொண்ணூத்தி ரெண்டு எட்துகினு வாந்தியா?"

"ம்."

"லூசு. என்னாண்ட லிஸ்ட்டு குட்த்தியே. அதுல மூணாவது இன்னா? வெரட்டணுமா? வெரட்டனியா?"

முதலில் அவள் சிரித்தாள், பிறகு நானும். அவள் அம்மா ஒன்றும் புரியாமல் எனக்கு ஒரு பூரி வைத்தார். சாப்பிட்டேன். உள்ளேயே தங்கியது.

இத்தனை ஆர்டர் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். "எல்லார் மூஞ்சியும் பாத்தா அவ்ளோதான், பேஜாராயிடும். முன்னாடி நிக்கறவர் ஒருத்தர மட்டும் பாப்பேன். அவர் போனாத்தான் அடுத்த ஆளு."

"கேள்வித்தாள மட்டும் ஏன்டி மொத்தமா பாக்கற?"

ரேவதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவள் அம்மா பூரிக் கரண்டியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "வேன்காரன்கிட்ட ஒரு நா தள்ளி சொல்றேன். திங்கக்கெயம போய் ஒரு தபா எய்திப் பாரு. ஆவலன்னா செவ்வாக்கெயம வேன் ஏறிடு. நடுவுல நிக்காத."

பிப். 4, ஞாயிறு

அணிகள் முழுதும். வகைக்கெழு பாதி. துணி மடித்தது. அப்பா, "எப்பம் பாத்தாலும் புஸ்தகமா? கொஞ்சம் வெளிய வாம்மா" என்று மைதானம் வரை கூட்டிப்போனார். இரண்டு சுற்று. ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

ரேவதிக்கு இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

பிப். 5, திங்கள்

ரேவதி வந்தாள். தேர்வு ஹாலில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி இடம். கண்காணிக்க வந்தவர் கீழ் வகுப்பு சார். எங்களைத் தெரியாது.

கேள்வித்தாள் வந்ததும் ரேவதி படிக்கவில்லை. மடித்தாள், திரும்ப மடித்தாள், ஒரே ஒரு கேள்வி தெரிகிற அளவுக்கு. எழுத ஆரம்பித்தாள். நான் என் முதல் கணக்கைப் பாதிதான் போட்டிருந்தேன், அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால்.

அரை மணி நேரம் போயிருக்கும். சார் அவள் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"என்னம்மா மடிச்சு மடிச்சு வெச்சிருக்க? உள்ள என்ன பிட்டா?"

கேள்வித்தாளைப் பிடுங்கி உதறினார். ஒன்றும் விழவில்லை. அப்படியும் கொடுக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேவதி பேனாவுக்கு மூடி போட்டுவிட்டாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. போனால் நாளை வேன்.

தேர்வு ஹாலில் நான் இதுவரை கூடுதல் தாள் கேட்கக்கூட வாய் திறந்ததில்லை, கை மட்டும் தூக்குவேன். எழுந்து நின்றேன். பெஞ்சு கிறீச்சிட்டது.

"சார், அதுல ஒண்ணும் இல்ல. அவ அப்படித்தான் எழுதுவா."

"நீ யாரு? அவளுக்கு வக்கீலா?"

"இல்ல சார். கேள்வி எல்லாம் ஒண்ணா பாத்தா அவளுக்குப் படபடன்னு வந்துரும். ஒண்ணொண்ணா பாத்தா போட்டுருவா. அவளுக்குப் பயம் சார்." கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நிறுத்த முடியவில்லை. "எனக்கும் பயம். எனக்கு வாந்தி வரும்."

ஹால் முழுக்க என்னையே பார்த்தது. காது எரிந்தது. சார் என்னைப் பார்த்தார், ரேவதியைப் பார்த்தார், தாளை அவள் மேஜையில் வைத்தார்.

"மடிச்சுக்கோ. ஆனா என் கண்ணுக்குத் தெரியற மாதிரி மடி. நீ உக்காரு. இப்பவே வரப்போகுதா?"

"இல்ல சார்."

கொஞ்ச நேரம் கழித்து நான்காவது பெஞ்சு நித்யாவும் தன் தாளை மடிப்பதைப் பார்த்தேன்.

எனக்கு ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி விட்டுப்போய்விட்டது. நேரம் போதவில்லை. இதுவரை விட்டதே இல்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தேன். இன்னும் வரவில்லை.

வெளியே வந்ததும் ரேவதி முதுகில் ஒன்று வைத்தாள். "எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கிட்டியேடி, வக்கீலம்மா."

"எத்தனை போட்ட?"

"எண்ணல. எண்ணுனா பயம் வந்துடும்."

"நாளைக்கு வருவியா?"

"தெர்ல. அம்மா என் மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணும்."

கேட் வரை வ.ஆ. எங்கள் பின்னாலேயே வந்தார். ரேவதியிடம் ஏதோ கேட்க வந்தவர்போல இருந்தது. "ரோட்ல பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பிப். 6, செவ்வாய்

காலை 9.10. ஹாலுக்கு வெளியே படிக்கட்டு. தரை ஈரம், பாவாடையை மடித்து உட்கார்ந்திருக்கிறேன். வேதியியல். இன்று தண்ணீர் குடித்தேன், அரை டம்ளர். இதுவரை உள்ளே.

வேன் ஏழரைக்கே போயிருக்கும். ரேவதி வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கலாம். செவ்வாயன்று கூட்டம் இருக்குமா, தெரியாது.

9.20. முதல் பெல். எல்லோரும் உள்ளே போகிறார்கள். நித்யா, "வா மதி" என்கிறாள். இன்னும் ஒரு நிமிடம்.

கேட்டில் வாட்ச்மேன் யாரிடமோ, "தெனிக்கும் இதே வேலையாப் போச்சு உனக்கு" என்கிறார்.

"அண்ணா, இன்னிக்கு மட்டும்ணா" என்று ரேவதி குரல்.