ஷார்ஜாவிலிருந்து ஒரு டிரங்க் கால்

ஷார்ஜா
3.11.2024

அன்பு சாலோமிக்கு,

பேட்டை பானு எழுதுகிறேன். சுகமா? நாங்கள் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். காலையில் மகன் இர்ஷாத் வேலைக்கு, மருமகள் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. பிறகு பதினோராவது மாடியில் நானும் ஏசியும்தான் மாறி மாறிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி அப்படியில்லை, ஒரு சேதி இருக்கிறது. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இணையத்தில் வானொலி நடத்துகிறார்கள். பொறுப்பு ஃபர்ஹத் என்ற வள்ளியூர்ப் பெண்ணுக்கு. ஒரு விருந்தில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “மாமி, இந்தக் குரல வீட்டுக்குள்ள பூட்டியா வச்சிருக்கிய?” என்றாள். சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறாள். நம் ஊர்ச் சமையல், நம் ஊர்ப் பேச்சு. இந்த மாதம் பரீட்சை மாதிரி. கேட்கிறவர்கள் இருந்தால்தான் மேற்கொண்டு நடக்கும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெளியூருக்குப் பேசுகிற டிரங்க் காலில் ஊரையெல்லாம் மூன்று நிமிடத்தில் நிறுத்தியவர்கள். அரை மணி நேரம் பேச விட்டால், நடுவில் “மூணு நிமிஷம் முடிஞ்சிட்டு, நீட்டணுமா?” என்று என் வாயே கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உனக்குக் காது மந்தமானதிலிருந்து நமக்குள் மெயில்தான். உன் மகன் பெனோ தீபாவளி லீவில் வந்து கம்ப்யூட்டருக்குப் பெரிய ஸ்பீக்கர் மாட்டினான், அதில் கீர்த்தனை சிடி தெளிவாகக் கேட்கிறது என்று எழுதினாயே. அதில் என்னைக் கேள். நம் ஊர் நேரம் மாலை ஆறரை. கீழே இருக்கும் முகவரியை அமுக்கினால் போதும். நன்றாக இல்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

உன் பானு


பாளையங்கோட்டை
10.11.2024

கர்த்தருக்குள் அன்பான பானு,

ஸ்தோத்திரம். உன் சேதியைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். நேற்று ஐந்து மணிக்கே சமையலை முடித்து, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தேன். ஆறரைக்கு அமுக்கினேன். உன் படம் வந்தது. (முக்காட்டை அப்படிப் போட்டுவிட்டது யார்? கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாய்.) படத்துக்குக் கீழே பச்சைக் கோடுகள் குதித்தன. சத்தம் மட்டும் இல்லை.

ஸ்பீக்கரைத் திருகினேன், தட்டினேன், திட்டினேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெர்சிஸைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து கேட்டுவிட்டு, “யக்கா, ஒங்க காது இல்ல, நெசமாவே சத்தம் வரல” என்றாள். அதைக் கேட்டு ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷம் வந்தது, போ!

சிரிக்காதே. இடது காது முடிந்துவிட்டது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்கிறார் டாக்டர். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் காது மிஷின் விசில் அடிக்கிறது. உன் குரலைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. இந்தக் காதும் போவதற்குள் ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும், பானு. ஏதாவது வழி சொல்.

சாலோமி


ஷார்ஜா
12.11.2024

சாலோமி,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்குப் பழுது தேடத் தெரியாதா? முதலில் நம் மேசை, பிறகு லைன், பிறகு எதிர்ப்பக்கம். சூப்பர்வைசர் பாபநாசம் சார் தொண்டை வறளக் கத்துவாரே, “அடுத்தவன் லைனைக் குத்தம் சொல்லதுக்கு முந்தி ஒன் பிளக்கைப் பாரும்மா!” என்று.

கீர்த்தனை சிடியைப் போடு. பாட்டுக் கேட்டால் ஸ்பீக்கர் நல்லது என்று அர்த்தம். அடுத்து வானொலிப் பக்கத்தைத் திற. திரையின் உச்சியில் அதன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதன்மேல் குறுக்குக் கோடு விழுந்திருந்தால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். கோட்டை எடுத்துவிடு. ஃபர்ஹத் சொல்லித் தந்தது இது.

தைரியமாக இரு. உன்னை விடமாட்டேன்.

பானு


பாளையங்கோட்டை
24.11.2024

அன்பான பானு,

கோடு இருந்தது! முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பெர்சிஸ் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று கத்தியிருக்கிறது. எரிச்சலில் அதை அடக்கியவள், உன்னையும் சேர்த்து அடக்கிவிட்டாள்.

போன வாரம் ஆறரைக்கு உன் குரல் வந்தது. “வாங்க, இருங்க, அடுப்பு பத்த வச்சாச்சு” என்றாய். அப்படியே இருக்கிறது, பானு. ஒரு சுருக்கம் விழவில்லை. நான் அழுததில் முதல் இரண்டு நிமிடம் வீணாகப் போயிற்று. ஆனால் தாளிச்சாவில் புளி ஊற்றுகிற இடத்துக்கு வந்தாய் பார், சத்தம் துண்டு துண்டாக விழுந்தது, பிறகு நின்றேவிட்டது. நேற்றும் அதே மாதிரி. பத்து நிமிடம் பேசுகிறாய், பிறகு விக்குகிறாய், பிறகு காணோம். புளி ஊற்றினாயா இல்லையா?

உன் சொற்படி மேசையை முடித்து லைனுக்குப் போனேன். இணைய இணைப்புக் கொடுத்த ஐயம்பெருமாள் வந்து எல்லா வயரையும் பிடுங்கி மாட்டினார். “லைன் சுத்தமா இருக்கும்மா. அந்த ரேடியோக்காரங்ககிட்டதான் என்னமோ கோளாறு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மற்றபடி ஊரில் மழை. கிறிஸ்மஸ் வேலை ஆரம்பித்துவிட்டேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சிவப்பு ரோஜாப் பூ வைத்துக் குரோஷா உறை பின்னிப் போட்டிருக்கிறேன். தூசி போகாமல் உள்ளே வெல்வெட், பட்டனுக்கு மட்டும் ஒரு துளை. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பெட்டிக்குத்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கிரைண்டர் மாதிரி உறுமுகிறது.

சாலோமி


ஷார்ஜா
26.11.2024

ஏட்டி சாலோமி,

புளி ஊற்றினேன். அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபர்ஹத்திடம் விசாரித்தேன். லண்டனில் கேட்கிறதாம், மலேசியாவில் கேட்கிறதாம். எங்கள் பக்கம் சுத்தம். உன் லைனும் சுத்தம். அப்படியானால் பழுது திரும்பவும் உன் மேசையில்தான் இருக்க வேண்டும் என்று உன் கடிதத்தை மறுபடி படித்தேன். கடைசிப் பத்தியில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலையாளப் பெண் என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டிவிட்டாள்.

உன் வீட்டில் டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. மூடாமல் விட்டிருப்பது உன் வாய் ஒன்றைத்தான். இப்போது கம்ப்யூட்டருக்கும் போர்த்தினாயா? மூச்சு விடுகிற ஓட்டையெல்லாம் வெல்வெட்டால் அடைத்தால் அது என்ன செய்யும்? சூடேறித் திணறுகிறது. அதனால்தான் என் குரல் துண்டாகிறது. இர்ஷாத்திடமும் கேட்டுவிட்டேன், அதேதான் என்கிறான். இன்றைக்கே கழற்று. சுவரோடு ஒட்டியிருந்தால் தள்ளி வை.

இன்னொன்று. வரும் சனிக்கிழமை கடைசிப் பரீட்சை. “கேக்கத்தான் செய்யுதாங்க மாமி, ஆனா ஒருத்தரும் ரெண்டு வரி எழுத மாட்டேங்குதாங்க” என்று ஃபர்ஹத் சங்கடப்படுகிறாள். இதுவே முடிவாகவும் இருக்கலாம். அதற்குள் நீ முழுசாகக் கேட்டுவிட வேண்டும். எனக்கு அதுதான் கவலை.

பானு


பாளையங்கோட்டை
1.12.2024

என் அன்பு பானு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!

உறையைக் கழற்ற மனசே வரவில்லை. கழற்றித் தொட்டுப் பார்த்தேன், இட்லிப் பானைச் சூடு. பாவம், ரோஜாப் பூவுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது. சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன். உறுமல் அடங்கிவிட்டது.

நேற்று ஆறு மணிக்கே பெர்சிஸும் எங்கள் கோயில் பெண்கள் ஐக்கியத்தில் பாதிப்பேரும் வந்துவிட்டார்கள். நீ ஆரம்பித்தாய். பத்து நிமிடம் நெருங்கியது. எல்லாரும் பெட்டியைப் பார்க்கிறோம், நீ சொன்ன நெய்ச்சோற்றை யார் கவனித்தார்கள்? பத்து தாண்டியது. விக்கவில்லை. இருபது தாண்டியது. பெர்சிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை வந்தது, பானு! ஒரு சொல் சிந்தவில்லை.

முடிக்கும்போது, “பாளையங்கோட்டை, லைன் கிளியரா?” என்று கேட்டாயே, பாவி! நான் எழுந்து நின்று, “கிளியர், பேசுங்க!” என்று கத்திவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலும் கேட்டது.

உண்மையைச் சொல்லச் சொன்னாய். முதல் ஐந்து நிமிடம் ஆண்டுவிழாத் தலைமையுரை மாதிரி இழுக்கிறாய். ஏலக்காயைத் தீய விட்ட கதையைச் சொல்லிச் சிரித்தாயே, அங்கேதான் என் பானு வந்தாள். இனிமேல் அங்கேயிருந்தே ஆரம்பி. இதையே வானொலிக்கும் எழுதிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் எழுத வைக்காமல் வீட்டுக்கு விடவில்லை. எழுதத் தெரியவில்லை என்று நழுவப் பார்த்தவர்களுக்கு நானே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன்.

கழற்றிய உறையை ஸ்பீக்கருக்குப் போட்டால் என்ன என்று எடுத்தேன். பெர்சிஸ் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாலோமி


ஷார்ஜா
4.12.2024

என் சாலோமி,

நிகழ்ச்சி நிற்கவில்லை! ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஹத் மெயிலைத் திறந்துவிட்டு, “மாமி, பாளையங்கோட்டையில என்ன கலவரமா?” என்று போன் செய்தாள். ஊரே எழுதியிருக்கிறது. எல்லாக் கடிதத்திலும் தலைமையுரை என்ற வார்த்தை இருக்கிறதே, அது எப்படி? ஒருத்திகூடத் தப்பாமல் ஏலக்காயிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறாள்! அப்படியே ஆரம்பிக்கிறேன்.

அந்தப் பாளையங்கோட்டை யார் என்று கேட்டாள். சொன்னேன். அந்த அம்மாவையும் நிகழ்ச்சிக்குக் கூட்டி வாருங்கள் என்றுவிட்டாள். ஆகவே, டிசம்பர் 14, சனிக்கிழமை, உன் நேரம் ஆறரை, ஷார்ஜா – பாளையங்கோட்டை டிரங்க் கால் புக் ஆகிவிட்டது. நான் ஸ்பீக்கரில் வருவேன். நீ பேச ஒரு மைக் வேண்டும், பெனோவிடம் கேட்டு வாங்கு. சேலை கட்டு, யாரும் பார்க்கப் போவதில்லை, இருந்தாலும் கட்டு. எதன் மேலும் எதையும் போர்த்தாதே.

என்ன பேசுவது என்று யோசித்து வைக்காதே. நாலு வருஷத்துப் பேச்சு வரிசையில் நிற்கிறது. நிதானமாகப் பேசு. மூன்று நிமிடம் முடிந்தது என்று வெட்டுகிறவர்கள் இரண்டு பேருமே அன்றைக்கு லைனில் இருக்கிறோம்.

பானு