மாமாவின் இரண்டாயிரம் கிலோமீட்டர்

செப்டம்பர் 1, திங்கள்

கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா திறந்தால் முக்கோணவியல்தான் தெரியும், உடனே மூடிவிடுவாள். எல்லோரும் தூங்கியாகிவிட்டது.

மாட்டிக்கொண்டேன். நைனாவிடம் இல்லை — எங்கள் வீட்டிலேயே இருக்கும் அம்மாவின் தம்பி ஜெயவேல் மாமாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு, ஸ்கூலில் கொடுத்த சைக்கிளில் எண்ணூர் முகத்துவாரம் வரை போனேன். ரோடு எங்கே முடிகிறது என்று பார்க்கத்தான். திரும்பும் வழியில் டீக்கடை வாசலில் மாமா, தன் சைக்கிள் கிளப்போடு வடை தின்றுகொண்டிருந்தார்.

அது கன்டெய்னர் லாரி ரோடு. சைக்கிள் வந்த அன்றே நைனா சொல்லிவிட்டார்: "ஸ்கூலு, வூடு. அவ்ளோதான். லாரி ரோட்டுல உன் சக்கரம் பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே இத்த துண்டு போட்டு எடைக்குப் போட்ருவேன்." நைனாவுக்கு வேலையே சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில். சொன்னால் செய்வார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் டிவி அப்படித்தான் போனது.

மாமா வடையை முழுங்கிவிட்டுச் சொன்னார்: "பயப்படாத குழலி. உங்கப்பன்கிட்ட சொல்ல மாட்டேன். நீ எனக்கு ஒரு ஒதவி பண்ணு."

செப்டம்பர் 3

உதவி இதுதான். கிளப்பில் ஒரு வருடத்துக்குள் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் மெடல். போனில் ஒரு ஆப், போகிற வழியெல்லாம் சிவப்புக் கோடு போட்டுக் கணக்கு வைக்கும். எட்டு மாதத்தில் மாமா ஓட்டியது 640. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கிலோமீட்டர் மிதிப்பார்கள், இரண்டு மணி நேரம் சாப்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். திரும்பி வரும்போது மாமா சைக்கிளும் ஷேர் ஆட்டோ மேல் வரும், அதையும் ஆப் எண்ணும்.

மீதி 1360 கிலோமீட்டரை நான் ஓட்ட வேண்டும். மாமாவின் பழைய போன் என் டிபன் பையில்.

"காலீல அமுக்கு, சாயங்காலம் வூட்டாண்ட வந்து அமுக்கு. நடுவுல எதுலயும் கை வெக்காத."

"ஸ்கூல்ல போன் எடுத்துட்டு வரக்கூடாது மாமா."

"லாரி ரோட்லகூடத்தான் போவக்கூடாது."



செப்டம்பர் 8

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி ஆறு மணிக்குக் கிளம்பினேன். எண்ணூர் போய்த் திரும்பி ஸ்கூல். 17.1. லாரி பக்கத்தில் வந்தால் காற்று உள்ளே இழுக்கிறது. கண்ணை மூடக்கூடாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

செப்டம்பர் 9

17.4. சாம்பல் வாசனை, அப்புறம் மீன் வாசனை, அப்புறம் கடல். பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் போக வேண்டும் என்று நினைத்தால் ஏன் சந்தோஷமாக இருக்கிறது?

செப்டம்பர் 21

கிளப்பின் கேப்டன் ரவிக்குமார் அங்கிள் வீட்டுக்கே வந்து மாமாவுக்குச் சால்வை போட்டார். ராயபுரத்துக்காரர், பெரிய தொப்பி. "இந்த மாசந்தான் தலைவரு நெஜமாவே சைக்கிள் ஓட்டக் கத்துகினாரு. வெயிட்டே இல்லாத மாதிரி போறாரு!" என்றார்.

என் எடை 41 கிலோ.

மாமா தினமும் ஸ்கூல் நேரம் முழுக்க ஓர் இடத்தில் நிற்பதையும் ஆப் காட்டுகிறதாம். "ஏழரை மணி நேரம் ரெஸ்ட். உடம்ப எப்படிப் பாத்துக்கறாரு பாரு!" மாமா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

மாமாவின் சைக்கிள் சுவரில் சாமி படம் போல மாட்டியிருக்கிறது. அதற்கு ரோஜா மாலை, எலுமிச்சம்பழம், சூடம். என் சைக்கிளுக்குச் சந்தனம் தீர்ந்துவிட்டது என்றாள் அம்மா. யாரும் பார்க்காதபோது மாமா சைக்கிளிலிருந்து ஒரு பொட்டு எடுத்து என் சைக்கிளுக்கு வைத்தேன்.

நவம்பர் 17

மழை. லீவு. மாமா போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் அரை மணி நேரம் நடந்தார். 0.3. மூச்சு வாங்கியது.

டிசம்பர் 5

கெமிஸ்ட்ரி டீச்சர் பைகளைச் சோதித்தார். என் டிபன் பையைத் தொட்டு, கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

டிசம்பர் 22

மொத்தம் 2002. இதில் 1362 நான். யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். 1362.

டிசம்பர் 26

தெருமுனையில் ஃப்ளெக்ஸ். கூலிங்கிளாஸ் போட்ட மாமா. 'இரண்டாயிரம் கண்ட இரும்புக்கால் நாயகன்!' பக்கத்தில், மாமா ஒரு வருடம் போன வழியெல்லாம் மேப்பில். எத்தனை முறை போனதோ அவ்வளவு தடியாகக் கோடு. எல்லாக் கோடும் போய்ச் சேரும் இடத்தில் கேப்டன் ஒரு நட்சத்திரம் போட்டு, 'நாயகனின் விருப்ப இடம் — நான்கு மாதமாகத் தினம் ஏழரை மணி நேர ஓய்வு' என்று எழுதியிருக்கிறார்.

அது எங்கள் ஸ்கூல் கேட். பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்று மேப்பிலேயே இருக்கிறது. கேப்டன் படிக்கவில்லை. தெரு படித்துவிட்டது.

டிசம்பர் 27

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

தை மாதம் மாமாவுக்குக் கல்யாணம். பத்திரிகை பற்றிப் பேச, பெண்ணின் அம்மா ரமாபாய் அத்தை புளியந்தோப்பிலிருந்து வந்தார். ஷேர் ஆட்டோ நிறுத்தியது சரியாக ஃப்ளெக்ஸுக்குக் கீழே.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. "பட்டம்மா, உன் தம்பிக்கு பொண்ணுங்க ஸ்கூலாண்ட இன்னா வேலை? நாலு மாசமா, தெனம் ஏழரை மணி நேரம்! எம்பொண்ண குடுக்கறதுக்கு மின்னாடி இதுக்கு பதில் சொல்லு."

அம்மா அழ ஆரம்பித்தாள். நைனா வாட்சைக் கழற்றி ஷெல்ஃபில் வைத்தார். அவர் வாட்சைக் கழற்றினால் அடி நிச்சயம்.

"சொல்றா மச்சான்."

மாமா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மெடல் போகும், நாளைக்குத்தான் விழா. சொல்லாவிட்டால் பெண் போகும். ஷெல்ஃபில் இருந்த வாட்சைப் பார்த்தார்.

"அங்க… காத்து நல்லா வரும்."

நைனா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் சைக்கிள் பிழைக்கும். அதுமட்டும்தான் ஓடியது மண்டையில். ஆனா மாமா அந்த மாதிரி ஆள் இல்லையே. சோம்பேறி, பொய்யர், ஆனா அது இல்லையே!

"அந்தக் கோடு நான்தான்," என்றேன்.

"இன்னா நீ?" என்றார் ரமாபாய் அத்தை.

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அத்தை விரல் வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "ஐய, காத்து நல்லா வருமாமே!"

நைனா சிரிக்கவில்லை. "லாரி ரோட்டுலயா?"

"ஆமா நைனா."

"எவ்ளோ?"

"ஆயிரத்து முந்நூத்தி அறுபத்திரெண்டு."

நைனா தெருவில் போன மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டார். என் சைக்கிளை அதில் ஏற்றி, சாத்தாங்காட்டுப் பக்கம் போய்விட்டார். கூடையில் என் மழைக்கோட்டு இருந்தது.

டிசம்பர் 28

விழா நடந்தது. கேப்டன் கமிட்டி கூட்டி முடிவு சொன்னார்: ஓடியது போன், போன் மாமாவுடையது, ஆகவே விதிப்படி மெடல் மாமாவுக்கே. மாமா வாங்கிக்கொண்டார். ஃப்ளெக்ஸில் நட்சத்திரத்தின் மேல் மட்டும் காகிதம் ஒட்டினார்கள்.

ரமாபாய் அத்தையும் விதி வைத்திருக்கிறார். கல்யாணம் வரை ஒவ்வொரு ஞாயிறும் மாமா புளியந்தோப்புக்குச் சைக்கிளிலேயே வந்து முகம் காட்ட வேண்டும். "ஷேர் ஆட்டோல வந்தா பொண்ணு கெடையாது."

டிசம்பர் 29

சைக்கிள் வரவில்லை.

டிசம்பர் 31

வந்துவிட்டது!

அடையாளமே தெரியவில்லை. முன்னால் ஒரு இரும்புக் கம்பி வளையம், பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் காலுக்குத் தடுப்பு. எல்லாம் பற்றவைத்து மஞ்சள் பெயின்ட். பின்னால் லாரியிலிருந்து கழற்றிய சிவப்பு ரிஃப்ளெக்டர், சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒரு ஆளால் தூக்க முடியாது. மழைக்கோட்டு மடித்தபடி கூடையிலேயே இருந்தது.

"லோடு எடுக்க வர்ற டிரைவருங்க நாலு மாசமா சொல்லிகினு இருந்தானுங்க, எண்ணூர் ரோட்ல ஒரு பொண்ணு சூப்பரா ஓட்டுதுன்னு," என்றார் நைனா, என்னைப் பார்க்காமல். "எவன் பெத்த பொண்ணோ, கேக்க ஆளில்லியான்னு திட்டிகினு இருந்தேன்."

ஜனவரி 5, திங்கள்

ஸ்கூல் திறந்தாகிவிட்டது. இதைச் சாயங்காலமே, சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எதிரில் வெங்காயம் உரிக்கிறாள்.

காலையில் நைனா எழுந்து வாசல்வரை வந்தார். சைக்கிள் யானை மாதிரி நகர்கிறது. எண்ணூர் போய் ஸ்கூல் சேர முன்பு ஒரு மணி நேரம், இன்று ஒன்றரை. மூன்று லாரி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. போன் இல்லை, நைனா சக்கரத்தில் ஒரு பழைய மீட்டர் மாட்டியிருக்கிறார்.

வேலையிலிருந்து வந்ததும், "எவ்ளோ?" என்றார்.

"பதினேழு நைனா."

குனிந்து மீட்டரைப் பார்த்தார். "பதினேழு புள்ளி மூணு. புள்ளிய ஏன் வுட்ற?"

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார். இரும்புக் கட்டுகளின் மேல் எடை எழுதுகிற சாக்பீஸ். எங்கள் வாசல் இரும்புக் கதவில், தெருவில் போகிற எல்லோரும் படிக்கிற மாதிரிப் பெரிதாக எழுதினார்:

கார்குழலி — 17.3