முயல் ஈரலில் என் பாதி

ருசியான எதையும் தனியாகத் தின்னத் தெரியாத என் அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. உனக்குப் படையல் போட்ட மறு வாரத்திலிருந்தே வீட்டில் குசுகுசுப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால் அம்மா பேச்சை மாற்றுகிறாள். உனக்குச் சுற்றி வளைத்துச் சொன்னால் பிடிக்காது, அதனால் நேராகவே சொல்கிறேன். உன் புருஷனுக்கு, அதுதான் மாமாவுக்கு, என்னைக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள். நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் நம்புகிறார்கள்.

சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா. ஒரு துண்டு முயல் ஈரலைத் தின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நீ இருந்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டுமே, அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். நம் வீட்டில் ஆடு, கோழி, மீன், அத்தோடு சரி. முயல் என்றால் அம்மாவுக்குக் குமட்டும். "ரோமத்தோட பொதர்ல பதுங்குறத எல்லாம் மனுசன் துன்னுவானாடி?" என்பாள். "ஆடு மட்டும் இன்னா மொட்டையாவா பொறக்குது?" என்று நீ திருப்பிக் கேட்டு முதுகில் ஒன்று வாங்கினாய், ஞாபகம் இருக்கிறதா?

அப்படிப்பட்ட உன்னைப் பாகூர் ஏரிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே அறுப்புக் காலத்தில் முயல் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் திருவிழா. ஃபாரஸ்ட்காரர்களுக்குத் தெரிந்தால் கேஸ் ஆகிவிடும் என்று போனில் முயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கோழி என்பார்கள். ஈரலைக் குழம்பில் போடுவதில்லை. உப்பும் மிளகும் தடவித் தணலில் சுட்டு, அந்த வீட்டுக்காரிக்குக் கொடுப்பார்கள். அவள் தின்ற பிறகுதான் மற்றவர்களுக்குக் கறி. நீ மருமகளாகப் போன முதல் வருஷம் உன் மாமியார், நம் அத்தை, எல்லார் முன்னாலும் உன் கையில் அந்த ஈரலை வைத்து, இனிமேல் இந்த அடுப்பு உன்னுடையது என்று சொன்னதாக நீதான் எனக்குச் சொன்னாய்.

அதற்கடுத்து எப்போது முயல் கிடைத்தாலும் எனக்கு போன் வரும். "கோழி ஆக்குறோம்டி, பஸ் ஏறு." பின்பக்க அடுப்படியில் நாம் இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்துகொள்வோம். ஈரலைப் பாதியாகப் பிய்த்து இலையிலேயே வைப்பாய். ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி உனக்கு. அத்தை வந்துவிடப் போகிறது என்று சூட்டோடு மென்று நாக்கைச் சுட்டுக்கொள்வோம். தப்பு என்று தெரியும். ஆனால் அந்த ருசி எனக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிக்கும்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து உங்கள் கழனியில் அறுப்பு. உன் மகள் யாழினியைப் பார்க்கலாம் என்று போனேன். அம்மாவும் கூடவே கிளம்பினாள். முயல் ஆக்குற வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் எதற்கு வருகிறாள் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அறுப்பு மெஷின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தது. கழனிக்குள் இருக்கிற எலி, முயல் எல்லாம் நிற்கிற பயிருக்குள் ஒதுங்கிக்கொண்டே போகும் என்று நீ சொல்லியிருக்கிறாய், நான் பார்த்தது இப்போதுதான். கடைசியில் நடுவில் கொஞ்சூண்டு பயிர் மிஞ்சியது. சுற்றிலும் ஆட்கள் வலையும் தடியுமாக நின்றார்கள். முயல் ஒரு பக்கம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. இன்னொரு பக்கம் வந்து பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போனது. யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நான் அவள் கண்ணைப் பொத்தினேன். ஆனாலும் மத்தியானம் அதைத் தின்றேன் பார்.

அத்தைக்கு முட்டி வலி, என்னை ஆக்கச் சொன்னார்கள். உன் அடுப்பு, உன் கரி பிடித்த குண்டான். மாமா தோலை உரித்து மஞ்சள் போட்டு அலசிக் கொடுத்தார். ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தொண்டையில் நிற்கும் என்று நீ சொல்வாயே, ஒவ்வொரு துண்டாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நல்லவாட்டிலிருந்து வருகிற மீன்காரம்மா கூடையோடு வந்து, "இன்னிக்கி இந்த வூட்ல எம் மீனு வெல போவாது" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அத்தை தணலிலிருந்து ஈரலை எடுத்து, வாழை இலையில் வைத்து, என் முன்னால் நீட்டியது.

"இந்தாம்மா மஞ்சு. வூட்டுக்காரி பங்கு."

சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டால் விழுந்தது. மனசுக்குப் போய்ச் சேருவதற்குள் கை போய்விட்டது அக்கா. அதே அடுப்படி, அதே வாசனை, நீ பக்கத்தில் இல்லை என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. பாதியைப் பிய்த்து வாயில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அத்தை என் நெற்றியில் குங்குமம் வைக்கிறது. வாயில் இருப்பதைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

"அப்புறம் இன்னா, பந்தக்கால் நட வேண்டியதுதான்" என்றது மீன்காரம்மா. சாயந்திரத்துக்குள் அந்தம்மா மீனோடு சேர்த்து இதையும் தெருத் தெருவாக விற்றுவிட்டது. மறுநாள் நான் வேலை செய்கிற மெடிக்கல் ஷாப்பில் முதலாளியம்மா, "எப்பம்மா கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"பசில துன்னேம்மா. அதுக்கு இதுவா அர்த்தம்?"

"ஊரே பாத்துச்சிடி. வாயில போட்டுக்கினு இப்ப இல்லைன்ற?"

"எனக்கு இஷ்டம் இல்ல."

"வேற எவனையாவது மனசுல வெச்சிருக்கியா?"

"இல்ல."

"அந்தப் புள்ள குடிக்கிறானா? கை நீட்றானா?"

"இல்லம்மா."

"அப்புறம் இன்னாதான்டி ஒனக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது, நீயே சொல். மாமா கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்! உனக்குக் காய்ச்சல் முற்றியபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து எனக்குக் கோன் ஐஸ் வாங்கிக்கொடுத்துக் கிண்டல் பண்ணியவர். அவர் பக்கத்தில் படுப்பதை நினைத்தாலே நடுவில் நீ படுத்திருக்கிறாய். அம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வேன்?

அத்தை சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். கோபத்தில் சொல்லவில்லை, என் தலையைக் கோதிக்கொண்டே சொன்னது. "நீ இல்லன்னா வேற எடம் பாக்கத்தான் போறோம். வர்றவ உன்ன இந்த வூட்டுக்குள்ள வுடுவாளான்னு யோசிச்சிக்க."

நான் அங்கே தங்குகிற ராத்திரியெல்லாம் யாழினி என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். மெதுவாக உருவினால் முழித்துக்கொள்கிறாள். சரி என்று சொன்னால் உன் இடத்தில் போய் உட்கார வேண்டும், மாட்டேன் என்று சொன்னால் இவளை விட வேண்டும். எந்தப் பக்கம் தலையை நீட்டினாலும் யாராவது நிற்கிறார்கள்.

போன வாரம் மாமா அரிசி மூட்டை கொண்டுவந்தார். அம்மா டீயைக் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று வேண்டுமென்றே வெளியே போனாள். மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சு, நீ பாதிதான துன்ன?"

"இன்னா மாமா?"

"ஈரல. எல்லாரும் உன் வாயத்தான் பாத்தாங்க. நான் எலைய பாத்தேன். பாதிய அப்டியே வெச்சிட்ட."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது அக்கா. பழக்க தோஷம், என் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு உன்னுடையதை உனக்கு வைத்திருக்கிறேன்.

"நீங்க ரெண்டு பேரும் திருட்டுத்தனமா பங்கு போட்றது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "மீதிய வரப்புல கொண்டுபோயி வெச்சேன். காக்கா எடுத்துச்சி." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் மனசு இல்ல மஞ்சு. அம்மாகிட்ட நான் சொன்னா செத்தவ புடிச்சிக்கினு இருக்கான்னு மந்திரிக்க இட்டுக்கினு போவாங்க. நீ சொல்லேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ஆம்பள உங்களுக்கே வாய் வரல, நான் சொல்லணுமா?" என்று கத்திவிட்டேன். டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். உன் புருஷன் நல்ல மனுஷன்தான், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. இதை நீ உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். மல்லிகைக்குச் சொல்லியாயிற்று. மீன்காரம்மாவுக்கும் அழைப்பு உண்டு, அதுதானே முதல் சாட்சி! நல்லது, வரட்டும். எல்லார் முன்னாலும் தின்றதற்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்ல வேண்டும். நான் தின்றது தங்கச்சி பங்கு, வீட்டுக்காரி பங்கை அவளே வரப்பில் வாங்கிக்கொண்டாள், வேண்டுமானால் இவரைக் கேளுங்கள் என்று மாமாவைக் காட்டப் போகிறேன். அவர் தலையாட்டுவாரா, தரையைப் பார்ப்பாரா, தெரியாது. அதற்குப் பிறகு யாழினியை என்னிடம் விடுவார்களா? அதுவும் தெரியாது.

ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, என்னை உள்ளே விடாவிட்டாலும் சரி, லீவு கிடைக்கிற நாளெல்லாம் பஸ் ஏறிப் போய் அந்த வாசலில் நிற்பேன். என் கையில் என்ன இருந்தாலும் பாதி உன் மகளுக்கு. உன் பாதியை மட்டும் நான் தொடமாட்டேன் அக்கா.

இப்படிக்கு,
யாழினிக்குச் சித்தி,
மாமாவுக்குக் கொழுந்தியா,
உனக்கு எப்போதும் தங்கச்சி,
மஞ்சு