புத்தம் புதுசு என்று போட்டிருந்தது

மார்ச் 4

என் பிறந்தநாள். அவர் பூ வாங்கவில்லை, புடவை வாங்கவில்லை. என் கம்ப்யூட்டரில் படம் ஓட வைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கித் தந்தார். இதற்காகவே இந்த மனிதரை இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம். ஆன்லைனில் பாதி விலை, “புத்தம் புதுசு”, ஐந்து நட்சத்திரம். மருந்துக் கடை வைத்திருப்பவர், தேதி பார்க்காமல் ஒரு மாத்திரைகூட வாங்க மாட்டார். இதில் பார்க்கத் தேதி ஏது, பாவம்.

மார்ச் 7

கட்டாத கட்டடத்துக்குள் ஆட்களை நடக்கவிட்டுப் படம் காட்டுவது என் பிழைப்பு. இப்போது ஒரு பல் டாக்டரின் கிளினிக். புதுக் கார்டை மாட்டி ஓட்டினால், வரவேற்பறை தாண்டியதும் திரை கறுத்துவிடுகிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி கறுப்பு. ஒரு நோயாளிகூட நாற்காலி வரை போய்ச் சேரவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

மார்ச் 8

கழற்றினேன். புதுசு என்றால் திருகாணித் தலையில் கீறல் எதற்கு? விசிறி பளபளக்கிறது; அதற்குப் பின்னால் தகடுகளுக்கு நடுவில் யார் வீட்டுப் பூனையோ முடி உதிர்த்திருக்கிறது. ஸ்டிக்கர் கோணல். நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், இன்னொரு மாடல், கொள்ளுத்தாத்தா காலத்தது. கம்ப்யூட்டரில் கார்டின் பேரைக் கேட்டால் கூசாமல் புதுப் பேரைச் சொல்கிறது. வேலை வாங்கினால்தான் வயசு தெரிகிறது. பேரன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு வந்த கிழம்.

சாப்பிடும்போது அவர் கேட்டார்: “கார்டு எப்படி ஓடுது?”

“பறக்குது.”

முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. நான் என்ன செய்ய?

மார்ச் 10

பழைய கார்டையே மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து முடித்துக் கொடுத்தேன். தாமதம் என்று பல் டாக்டர் பல்லைக் கடித்தார்.

விற்றவனுக்கு, பேர் போடாமல், “என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த கார்டு ஓடவில்லை” என்று எழுதியிருந்தேன். பதில் வந்திருக்கிறது: “அன்புச் சகோதரி, எங்கள் பொருளில் குறை இராது. உங்கள் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது.”

சகோதரியாம். இரு, வருகிறேன்.

மார்ச் 12

அந்தக் கடையில் வேறு என்னென்ன விற்கிறான் என்று படம் படமாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மேசைவிரிப்பில் வைத்து எடுத்திருக்கிறான். நீல விரிப்பு. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் தீய்ந்த கறை.

அந்தக் கறை நான் வைத்தது. கல்லூரி போகும் அவசரத்தில். அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

டேய் தம்பி. டேய்! “கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம்”னு சொன்னியேடா, இதுவாடா அந்தக் கம்பெனி?

மார்ச் 13

அம்மா வீடு. தம்பி பிரஷ்ஷால் தூசி தட்டுகிறான். அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள்.

“நேரா ஒட்டும்மாங்கிறான். எனக்கெங்க கண்ணு தெரியுது?” என்றாள் என்னைப் பார்த்ததும், பெருமையாக.

கார்டை மேசையில் வைத்தேன். தம்பி தூசி தட்டுவதை நிறுத்தினான்.

“பெட்டியக் கிடங்குல குடுத்துட்டா அவங்களே அனுப்பிருவாங்கக்கா. மாமா வாங்குறாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வேற யாராவது வாங்கியிருந்தா பரவாயில்லையா?”

“கம்ப்யூட்டர் காட்டுற பேரை நான் மாத்தலக்கா. மொத்தமா விக்கிறவன் மாத்தித்தான் தர்றான். ஸ்டிக்கரும் அவன் குடுக்கிறதுதான். நான் தொடைச்சு ஒட்டித்தான் விக்கிறேன்.”

“தெரிஞ்சுதானே விக்கிற?”

பிரஷ்ஷைக் கீழே வைத்தான். அம்மா அவனைப் பார்த்தாள், கையிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். “புதுசுதானேடா இதெல்லாம்?” என்றாள்.

அவன் பிரஷ்ஷை மறுபடி எடுத்து வெறும் மேசையைத் தட்ட ஆரம்பித்தான். ஸ்டிக்கர் அவள் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 14

அவரிடம் சொல்லிவிட்டேன்.

“அப்போ பறக்குதுன்னு சொன்னது?”

“அதுவும் போலிதான்.”

“நீ சொன்னதை நம்பி சொந்த மச்சானுக்கா நானும் அஞ்சு நட்சத்திரம் போட்டேன்?” என்றார். இருவரும் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பிறகுதான் அழுகை வந்தது.

மார்ச் 16

ஒரு நட்சத்திரம். கீறல், பூனைமுடி, இரட்டை ஸ்டிக்கர் எல்லாம் படத்தோடு போட்டேன். பாதிக்கப்பட்டவள் சகோதரி என்பதை மட்டும் எழுதவில்லை.

மார்ச் 17

அம்மா போனில்: “தப்புதான். ஆனா கூடப் பொறந்தவனை ஊரே பார்க்க அடிக்கணுமா?”

தெரியவில்லை அம்மா. மற்றவர்களும் யாருக்காவது கூடப் பிறந்தவர்கள்தானே.

ஏப்ரல் 2

தம்பி பேசுவதில்லை. அவன் கடை மூடியிருக்கிறது. நான் செய்தது சரிதான். சரியாகச் செய்துவிட்டு ஏன் சோறு இறங்க மாட்டேன் என்கிறது?

ஏப்ரல் 21

வந்தான். அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தான். உட்காரவில்லை.

“டெஸ்ட் பண்ணித் தா. எது எந்தக் கார்டுன்னு எழுதணும்.”

“உக்காருடா முதல்ல.”

“உக்காரத்தான் வந்தேனா?” என்றபடியே உட்கார்ந்தான்.

மாலை முழுக்க ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டினோம். சில செத்தன. ஒன்று புகைந்தது, அவர் வாளியோடு ஓடிவந்தார், நல்லவேளை ஊற்றவில்லை. சில தேவலாம். பழைய பேரை, அதன் உண்மையான பேரை, தம்பி பட்டைப் பேனாவால் எழுதினான். குண்டு குண்டு எழுத்து.

மே 9

கடை திறந்திருக்கிறது. “பழையது. சோதித்தது. கீறல் உண்டு. விசிறி கொஞ்சம் முனகும்.” நட்சத்திரம் ஒன்றும் வந்தபாடில்லை, ஒரு கேள்விதான் வந்திருக்கிறது, “கீறல் எங்கே?” என்று.

அதற்குப் பதிலாகப் புதுப் படம் போட்டிருக்கிறான். கார்டின் மூலையில் கீறல். பக்கத்தில், அதைக் காட்டிக்கொண்டு, அம்மாவின் சுட்டுவிரல்.